கோணாமலைக்குப் பாவம் போதாது

அமைதி அலை ஊழியத்தின் வாசலில் ஓர் அறிவித்தல் பலகை இருந்தது. அதில் மூன்று வரிகள். கிருபை முற்றிலும் இலவசம். விண்ணப்பங்கள் மூன்று பிரதிகளில் இருத்தல் வேண்டும். செவ்வாய், வியாழன் மாத்திரம்.

கோணாமலை புதன்கிழமை வந்துவிட்டார்.

கதிரவெளியில் முதல் பஸ் எடுத்து, வாழைச்சேனையில் ஒருமுறையும் மட்டக்களப்பில் ஒருமுறையும் மாறி, களுவாஞ்சிக்குடியில் இறங்கி, வாவிக்கரை வரை நடந்து வந்திருந்தார். கையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் மகளுக்கு ஒரு சோடி ரப்பர் செருப்பு. பதின்மூன்று வயதுக் கால் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே வாங்கியிருந்தார். சண்டை முடிந்து, ஊரெல்லாம் வெடி கொளுத்தி, இரண்டு கிழமைகள் ஆகியிருந்தன. பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிப்போக அதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை என்று அவர் நினைத்தார். அவர் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான்.

அமைதி அலை ஊழியம், சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அடுத்த மாதம் இந்தப் பக்கம் வந்தது. பெயர் அதற்கு முன்னரே கொழும்பில் பதிவாகிவிட்டபடியால் மாற்ற வழியிருக்கவில்லை. முதலில் நூடில்ஸும் ஜெபமும் கொடுத்தார்கள். பிறகு நூடில்ஸ் முடிந்தது. அதன்பின் பிள்ளைகள் இல்லம் ஒன்று கட்டினார்கள். 2006ஆம் ஆண்டு கதிரவெளிச் சனம் ஷெல்லுக்குப் பயந்து அகதி முகாமுக்கு ஓடியபோது, முகாமுக்குள்ளும் சண்டைக்குப் பிள்ளை பிடிக்கிறார்கள் என்று கதை வந்தது. கோணாமலை பத்து வயது கேதீஸ்வரியைக் கொண்டுவந்து இந்த இல்லத்தில் விட்டார். வெள்ளைச் சுவரும் இரும்புக் கேற்றும் அவருக்குப் பிடித்திருந்தன. சண்டை முடிந்ததும் கூட்டிப்போகலாம் என்று சொல்லி ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். தாய் வசந்தாதேவி என்ற பெயருக்கு எதிரே, "காலமானவர். கடல்" என்று எழுதிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை அந்தப் படிவத்தைச் சிஸ்டர் இராசாத்தி எடுத்து வைத்தார். சிஸ்டர் இராசாத்தி சாட்சிப் பிரிவின் பொறுப்பாளர். மேசையில் நான்கு பேனைகள், ஒரு டிசு பெட்டி. டிசு மற்றவர்களுக்கு.

"பதினெட்டாம் பந்தியப் பாருங்க," என்றார். "பெற்றோர் மனந்திரும்பிய பின்னரே பிள்ளை வீடு திரும்பும். இது உங்கட கையெழுத்துத்தானே?"

"ஓம் சிஸ்டர். மனந்திரும்பிறதெண்டா என்ன செய்யிற?"

"ஞாயித்துக்கிழமை சபையில எழும்பி நிண்டு உங்கட பாவத்தச் சொல்லணும். ஆண்டவர் மன்னிப்பார். பிறகு பிள்ளையக் கூட்டிப்போகலாம். ஆவணி மாசத்துக்குள்ள முடிக்கப் பாருங்க. பதிமூண்டு வயசான பொம்புளப் புள்ளையள எங்கட பண்டாரவளை மலை விடுதிக்கு ஏத்துற. அங்க போனா பதினெட்டு வயசிலதான் கீழ இறக்குற."

கோணாமலைக்கு மனம் லேசானது. "கடலுக்குப் போற மனுசன், பாவம் இல்லாம இருக்குமா? இப்பவே சொல்றன்."

சிஸ்டர் பதிவேட்டைத் திறந்தார். மூன்று நிரல்கள் இருந்தன: சாதாரணம், நடுத்தரம், பாரதூரம். மேடைக்குப் போவது மூன்றாவது நிரல் மட்டும்.

"ஒருக்கா வினாயகமூர்த்திர வலைக்குள்ள கிடந்த நண்டு எடுத்த."

"எத்தின?"

"ரெண்டு. ஒண்டு சின்னன்."

சிஸ்டர் எழுதவில்லை. "வேற?"

"கலியாணம் முடிச்ச புதுசில வசந்தாக்கு ஒரு அடி அடிச்சிட்டன். மூண்டு நாள் அவ என்னோட கதைக்கல்ல."

"அது எல்லா ஆம்புளையளும் சொல்லியிருக்காங்க. பக்கம் நிரம்பிட்டு. வேற?"

கோணாமலை யோசித்தார். "அம்மன் கோயில் தீமிதிப்புக்கு நேர்ந்திட்டு, பயத்தில மச்சான இறக்கிவிட்டன்."

சிஸ்டரின் முகம் மலர்ந்து, அடுத்த கணமே வாடியது. "அது விக்கிரகத்துக்குச் செஞ்ச துரோகம். அது பாவமில்ல. முன்னேற்றம்." பேனையை மூடினார். "கோணாமலை, இத வச்சி ஆர் அழுவாங்க, சொல்லுங்க. வெளிநாட்டில இருந்து ஆக்கள் பிளேனில வாறாங்க. ரெண்டு நண்டு கேக்கவா வாறாங்க?"

எழுந்தவரை மீண்டும் கூப்பிட்டு ஒன்று சொன்னார். சுனாமிக்குப் பிறகு பொய்ப் பாவங்கள் பெருகிவிட்டன. ஆகையால் விண்ணப்பதாரர் பாவிதான் என்று கிராம சேவகரிடம் ஒரு கடிதம் எடுத்துவர வேண்டும்.

கோணாமலை மூன்று பஸ் ஏறி ஊருக்குப் போனார். கிராம சேவகர் நல்ல மனிதர். மேசை லாச்சியை முழுக்கத் திறந்து தேடினார். இறந்தவருக்குப் படிவம் இருந்தது. காணாமற்போனவருக்கு இருந்தது. அடையாள அட்டை தொலைத்தவருக்கும் வள்ளம் தொலைத்தவருக்கும் இருந்தன. பாவிக்கு இருக்கவில்லை. வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், இருந்தவற்றில் மிகக் கிட்டிய படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். மேற்படி நபர் தனது பிரிவில் பிறந்து வளர்ந்தவர் என்றும், எவ்விதக் குற்றச்செயலிலும் ஈடுபடாதவர் என்றும், நன்னடத்தை உடையவர் என்றும் அவர் இத்தால் உறுதிப்படுத்தியிருந்தார். முத்திரையும் குத்தியிருந்தார்.

சிஸ்டர் இராசாத்தி அதை இரண்டு தரம் வாசித்தார்.

"என்ன வேல பாத்திட்டு வந்திருக்கீங்க? இனி இது உங்கட பைலில கிடக்கும். அரசாங்கமே உங்களப் பாவியில்ல எண்டு எழுதித் தந்திட்டு. இத வெல்லுற பாவமொண்டு கொண்டுவந்தாத்தான் சரி."

விடயம் பாஸ்டர் நல்லரத்தினத்திடம் போனது. பாஸ்டர் பிரசங்க மேடையிலும் தேநீர் மேசையிலும் ஒரே குரலில் பேசுபவர். கோணாமலைக்குத் தேநீர் கொடுத்து, தோளில் கை வைத்து, கண்களை மூடினார்.

"பிரதர், கடல் சும்மா வராது. பாவத்தைத் தேடித்தான் வரும்."

"கடல் எல்லாரையும்தானே பாஸ்டர் கொண்டுபோச்சி."

"எல்லாரும் பாவிகள்."

"கரையில இருந்த உங்கட ஜெபவீடும் போச்சே."

பாஸ்டர் கண்களைத் திறந்தார். "அது பாவத்தின் தண்டனை அல்ல. விசுவாசத்தின் சோதனை. இரண்டையும் குழப்பக் கூடாது."

"எப்பிடிப் பாஸ்டர் பிரிச்சறியிற?"

"அதற்குத்தானே என்னை அனுப்பியிருக்கிறார்கள்." மீண்டும் கண்களை மூடினார். "உங்களுக்குள் ஒளித்து வைத்த ஒன்று இருக்கிறது, பிரதர். ஒருவருக்கும் சொல்லாத ஒன்று. அதை வெளியே எடுத்து ஆண்டவரிடம் கொடுங்கள். அவர் அதை ஆழ்கடலில் எறிந்துவிடுவார். பிறகு அதை நினைக்கவே மாட்டார்."

இந்த வார்த்தைகளைப் பாஸ்டர் எல்லோரிடமும் சொல்வார். வியாழக்கிழமைகளில் பத்துப் பதினைந்து தரம் சொல்வார். கோணாமலை மட்டும் தேநீரைக் கீழே வைத்துவிட்டுத் தன் இடக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டருக்கு அடுத்த ஆள் காத்திருந்தபடியால் அதைக் கவனிக்கவில்லை.

வெளியே வரும்போது வினாயகமூர்த்தியைக் கண்டார். அதே நண்டின் சொந்தக்காரர். கதிரவெளியில் கோழி அறுப்பதைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ஆள். இங்கே அவர் பிரதர் விக்டர். மாதம் இரண்டு ஞாயிறு மேடையேறுகிறார். முதலில் ஒரு கொலைதான் செய்திருந்தார். ஈஸ்டருக்கு விருந்தினர் கூடுதலாக வந்ததால் இரண்டாவது கொலையும் செய்துவிட்டார். அவரிடம் கிராம சேவகரின் கடிதம் கேட்கப்படவில்லை. அவருடைய பாவத்தை நம்புவதற்கு யாருக்கும் கஷ்டமாக இருக்கவில்லை.

"மச்சான், எனக்கிட்ட நாலு பாவம் கிடக்கு," என்றார் வினாயகமூர்த்தி. "சூனியத்த நீ எடு. அத நான் இப்ப பாவிக்கிறல்ல."

"நான் சூனியம் செய்யல்லையேடா."

"நான் மட்டும் செஞ்சனா? மட்டக்களப்பான் எண்டா மந்திரத்தால ஆள பாயோட ஒட்டவைக்கிறவன் எண்டுதான் வெளியாக்கள் நினைச்சிக்கிட்டு இருக்காங்க. நீ சும்மா நிண்டாக் காணும். மிச்சத்த அவங்களே நம்பிருவாங்க. புள்ளயக் கூட்டிட்டுப் போ. நண்டுக் கணக்கையும் நான் விட்டுர்றன்."

அடுத்த செவ்வாய்க்கிழமைப் பாவ ஆயத்த வகுப்பில் கோணாமலை எழுந்து நின்றார். தான் ஒரு மனிதனைப் பாயோடு ஒட்டவைத்ததாகச் சொன்னார்.

"ஆர?" என்று கேட்டார் சிஸ்டர்.

பொய் சொல்லப் பழகாதவருக்குத் தெரிந்த பெயர்தான் வாயில் வரும். "வினாயகமூர்த்திய."

"எவ்வளவு நேரம் ஒட்டிக் கிடந்தார்?"

"ஒரு பகல்."

"பிறகு?"

"அவர்ர பொஞ்சாதி சோறு தின்னக் கூப்பிட்டா. எழும்பிப் போயிற்றார்."

வகுப்பில் மூன்று பேர் சிரித்தார்கள். அவர்கள் பெயரில் சாதாரணம் ஒவ்வொன்று பதியப்பட்டது. கோணாமலையின் பெயருக்கு நேரே சிஸ்டர், "தகுதி பெறவில்லை" என்று எழுதினார்.

ஆடி மாதம் முடிந்தது. பண்டாரவளைக்கு ஏற்றும் பிள்ளைகளின் பட்டியல் பலகையில் ஒட்டப்பட்டது. ஏழாவது பெயர் எஸ்தர். அது கேதீஸ்வரிதான். இல்லத்தில் அவளை அப்படிப் பதிந்திருந்தார்கள்.

மகளைப் பார்க்கப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். சிஸ்டர் ஒரு கதிரையைப் போட்டுப் பக்கத்தில் இருந்தார். கேதீஸ்வரி பாடகர் குழுவின் வெள்ளைச் சட்டையில் வந்தாள். உயரமாகியிருந்தாள்.

"அப்பா, இன்னும் ஒரு பாவமும் அம்பிடல்லயா?"

"தேடுறன் மகள். சொல்றதெல்லாம் காணாதாம்."

"பவானிர அப்பா கசிப்புச் சாராயம் வித்தத மட்டும் சொல்லி அவளக் கூட்டிட்டுப் போயிற்றார். வடிவா அழுதா கொஞ்சம் குறஞ்சாலும் எடுப்பாங்கப்பா. நீங்க அழமாட்டீங்களா?"

"பாப்பம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "இல்லாட்டி நான் சொல்றதச் சொல்லுங்களன். கடல் என்னை உங்கட கையில இருந்து பறிச்சதும், நீங்க பின்னேரம் வரைக்கும் தேடி, தாழம்பத்தைக்குள்ள என்னை எடுத்ததும். நான் மேடையில அதச் சொன்னா எல்லாரும் அழுறாங்க. உங்களுக்குக் கைகூடத் தட்டினாங்க."

கோணாமலை இடக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அது சரிவராது எஸ்தர்," என்றார் சிஸ்டர், மணிக்கூட்டைப் பார்த்தபடி. "அது கடல்ர பாவம். எங்களுக்கு அப்பாட பாவம்தான் வேணும்."

ஆவணி முதல் ஞாயிறு மண்டபத்தில் நூற்றி நாற்பது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் பதினொரு வெள்ளைக்கார விருந்தினர்கள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். கோணாமலை சிஸ்டரிடம் போனார்.

"அம்பிட்டு, சிஸ்டர்."

"என்ன அது? சொல்லுங்க, எழுத."

"மேடையிலதான் சொல்லுவன். ரெண்டு தரம் சொல்ல ஏலா."

சிஸ்டர் இராசாத்தி பன்னிரண்டு வருடங்களாகப் பாவம் பதிகிறவர். அந்த முகத்தைப் பார்த்தார். ஒரு கேள்வியும் கேளாமல் மூன்றாவது நிரலில் பெயரை எழுதினார்.

கோணாமலை மைக்கைப் பிடிக்கவில்லை. அதற்கு எட்ட நின்று பேசினார்.

"இந்தக் கையில வசந்தா. இந்தக் கையில மகள். தண்ணி கழுத்துக்கு வந்திட்டு. தென்னை ஒண்டு கிட்ட வந்திச்சி. அதப் பிடிக்கிறதெண்டா ஒரு கை வேணும். யோசிக்க நேரமில்ல எண்டு எல்லாரும் சொல்லுவாங்க. எனக்கு நேரம் இருந்திச்சி. மகள் சின்னன், இன்னொண்டு பெறலாம் எண்டு நினைச்சன். அவட விரல் என்னை இறுக்கிப் பிடிச்சிருந்திச்சி. நான் உதறினன். கடல் பறிக்கல்ல. நான்தான் விட்ட. தென்னையப் பிடிச்சன். பிறகு வசந்தாவையும் கடல் இழுத்திட்டுப் போயிற்று. அது கடல் செஞ்ச. மகளுக்கு நான் செஞ்ச. அவ உயிரோட கிடச்சா. கிடச்ச நேரம், அப்பா எண்டு கூப்பிட்டா. இன்னும் அப்பிடித்தான் கூப்பிடுறா. இதுதான் என்ர பாவம்."

அவர் அழவில்லை. பாடகர் குழுவின் இரண்டாவது வரிசையில் கேதீஸ்வரி அடுத்த பாட்டுக்காக மூச்சை எடுத்துவிட்டு, அதை விடாமல் நின்றாள். அந்த மண்டபத்தில் பாவம் என்று ஒன்று இருப்பதை அன்றைக்கு நம்பியவர் கோணாமலை ஒருவர்தான்.

பிறகு நடந்தது ஊழியத்தின் ஆண்டறிக்கையில் எழுதப்பட்டிருக்கிறது. மொழிபெயர்ப்பாளரால் இரண்டு வசனங்கள் தொடர முடியவில்லை. விருந்தினர்களில் எட்டுப் பேர் அழுதார்கள். டிசு பெட்டி போதாமல் இன்னொன்று உடைக்கப்பட்டது. வினாயகமூர்த்தி பின்வரிசையில் இருந்து எழுந்து வெளியே போனார். இரண்டு கொலைகளும் அன்றோடு பெறுமதி இழந்ததை அவர் உடனே விளங்கிக்கொண்டார்.

பாஸ்டர் நல்லரத்தினம் கோணாமலையின் தலையில் கை வைத்தார். இந்தப் பாவம் இந்த நிமிடமே ஆழ்கடலில் எறியப்பட்டது என்றார். கோணாமலை கடற்றொழில் செய்கிறவர். ஆழ்கடலில் எறிவதெல்லாம் மாரிக் காற்றில் கதிரவெளிக் கரைக்குத்தான் வரும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் நம்பினார். நாலரை வருடங்களில் முதல் தடவையாக அவருடைய நெஞ்சுக்குள் காற்றுப் போய் வந்தது.

ஆராதனை முடிந்ததும் சொப்பிங் பையோடு அலுவலகத்துக்கு வந்தார். பாஸ்டரும் சிஸ்டரும் இருந்தார்கள்.

"பிரதர், பரலோகமே சந்தோஷப்படுகிறது," என்றார் பாஸ்டர். "ஆண்டவர் உங்களை மன்னித்துவிட்டார். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளைகள் பாதுகாப்புக் குழு வேறு, ஆண்டவர் வேறு. குழுவில் நான் தலைவர், சிஸ்டர் செயலாளர். நூற்றி நாற்பது பேருக்கு முன்னால், பிள்ளையைக் கைவிட்டேன் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். இனி எந்த மனச்சாட்சியோடு அவளை உங்கள் கையில் கொடுப்பது?"

கோணாமலைக்கு விளங்க நேரம் எடுத்தது. "ஆண்டவர் அத மறந்திட்டார் எண்டீங்களே, பாஸ்டர்."

"அவர் மறந்துவிட்டார். நாங்கள் வீடியோ எடுத்திருக்கிறோம்."

"ரெண்டு நண்டோட நிண்டிருந்தா மகளத் தந்திருப்பீங்களா?"

"இல்லை. அது போதாது."

"இது?"

"இது கூடிவிட்டது, பிரதர்."

சிஸ்டர் ஒரு கடதாசியை முன்னால் தள்ளினார். பாஸ்டரின் குரல் இளகியது. "ஆனால் நாங்கள் கல்நெஞ்சர்கள் அல்ல. விருந்தினர்கள் இந்தச் சாட்சியை மறுபடியும் கேட்க விரும்புகிறார்கள். வருகிற ஞாயிறு வேறொரு குழு வருகிறது. ஒவ்வொரு ஞாயிறும் நீங்கள் வந்து சாட்சி சொல்வதென்றால், பிள்ளையைப் பண்டாரவளைக்கு அனுப்புவதை நிறுத்தி வைக்கலாம். அவளும் மேடையில் உங்களோடு நிற்கட்டும். தென்னை வருகிற இடத்தில் கையை விட்டுக் காட்டினால் பாஷை தெரியாதவர்களுக்கும் விளங்கும்."

கோணாமலை கடதாசியை வாசிக்கவில்லை. பதினெட்டுப் பந்திகளையும் அவர் முன்னரும் வாசித்திருக்கவில்லை. கையெழுத்து வைத்தார்.

கேதீஸ்வரி வெளியே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றாள். அவர் கிட்டப் போனார். அவள் அழுதிருந்தாள். இப்போது அழவில்லை.

"எந்தக் கை?" என்று கேட்டாள்.

கோணாமலை இடக் கையைத் தூக்கிக் காட்டினார். அவள் அதைப் பார்த்தாள். கடைக்காரர் காட்டுகிற சாமானைப் பார்ப்பதுபோல, கையைத் திருப்பிக் காட்டச் சொல்லாமல், அது இருந்தபடியே பார்த்தாள்.

"சரி," என்றாள். பிறகு, "பையில என்ன?" என்றாள்.

"செருப்பு. பெரிசாத்தான் இருக்கும்."

போட்டுப் பார்த்தாள். பெரிதாகத்தான் இருந்தது. கழற்றவில்லை.

சனிக்கிழமை ஒத்திகை. சிஸ்டர் இராசாத்தி நிலத்தில் சோக்கட்டியால் இரண்டு வட்டம் போட்டு, இருவரையும் அதற்குள் நிற்க வைத்தார். முதலில் செருப்பைக் கழற்றச் சொன்னார். அலைக்குள் அகப்பட்ட பிள்ளைக்குச் செருப்பு எங்கிருந்து வரும்? பிறகு கோணாமலையை மற்றப் பக்கம் மாற்றினார்.

"கமரா இந்தப் பக்கம் இருக்கு. வலக் கையால பிடிச்சி, வலக் கையால விடுங்க."

"இது வசந்தாவப் பிடிச்ச கை, சிஸ்டர்."

"அது ஆருக்குத் தெரியும்? இன்னொண்டு. அண்டைக்குக் கடலில நீங்க கெதியா விட்டுட்டீங்க. ஆறுதலா, ஒவ்வொரு விரலா விடணும்."

ஞாயிறு புதிய குழு வந்தது. இந்தமுறை இருபத்திரண்டு பேர். கோணாமலையின் கதையைப் பாதிக்கு மேல் பாஸ்டரே சொன்னார், அவர் சொல்லும்போது தண்ணீர் தென்னையின் குரும்பை வரை வந்தது. கேதீஸ்வரி வட்டத்துக்குள் வெறுங்காலோடு நின்றாள். கோணாமலை வலக் கையால் அவள் கையைப் பிடித்திருந்தார். ஒத்திகையை விட்டால், நாலரை வருடங்களுக்குப் பிறகு அந்தக் கையை அவர் இப்போதுதான் பிடிக்கிறார். விரல்கள் நீண்டிருந்தன. உள்ளங்கை சூடாக இருந்தது.

"அப்போது ஒரு தென்னை," என்றார் பாஸ்டர்.

கீபோர்ட்காரர் கட்டையை அழுத்திப் பிடித்தார். மொழிபெயர்ப்பாளர் ஒத்திகையில் சொன்னபடி, தகப்பன் கையை விடுகிறார் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். முன்வரிசையில் கைக்குட்டைகள் வெளியே வந்தன.

கோணாமலை விடவில்லை.

பாஸ்டர் தென்னையை இன்னொரு தரம் சொன்னார். சிஸ்டர் மேடையின் ஓரத்தில் நின்று, விருந்தினர்களைப் பார்த்துச் சிரித்தபடி, கண்ணால் அவசரப்படுத்தினார். கோணாமலையின் விரல்கள் வெளுக்கும் அளவுக்கு இறுகியிருந்தன. கேதீஸ்வரிக்கு அது நொந்திருக்க வேண்டும். அவள் கையை இழுக்கவில்லை. மூன்று வருடம் பாடகர் குழுவில் நின்றவள். உதடு அசையாமல் பேசத் தெரியும்.

"விடுங்கப்பா," என்றாள். "இப்ப விட்டாத்தான் வாற ஞாயிறும் பிடிக்கலாம்."

கோணாமலை விட்டார். ஆறுதலாக, ஒவ்வொரு விரலாக.